பறங்கித் தளபதிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

காஜா பேராங், மலாக்கா
3.3.1957

அன்புள்ள தம்பி தேவதாசுக்கு அக்கா கமலவேணி எழுதிக்கொள்வது. நானும் மல்லிகாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் பழைய இருமல் விட்டதா? தெய்வானைக்கு மசக்கை எப்படி இருக்கிறது? புளிப்பாக எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடு, முகத்தைச் சுளிக்காதே. இத்தனை வருஷம் கழித்து உன் வீட்டில் தொட்டில் ஆடப்போகிறது.

நேற்று நம் செருப்புக் கடைக்கு யார் வந்தது தெரியுமா? கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினம். ஆமாம், அதே ராஜரத்தினம்தான். தலை நரைத்திருக்கிறது, தொப்பை போட்டிருக்கிறது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகஸ்டு மாதம் மெர்டேக்கா, நம் சுதந்திர நாள், வருகிறதல்லவா? அதற்குத் தெங்கேரா தமிழர் நாடகக் குழு, அந்தக் காலத்தில் போர்த்துகீசுப் பறங்கிக்காரன் மலாக்காவைப் பிடித்த கதையைப் போடப்போகிறதாம். இவர்தான் பறங்கித் தளபதி. முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ் வேண்டும். காஜா பேராங்கிலிருந்து பாடாங் மைதானம் வரை வேஷத்தோடு ஊர்வலம், பிறகு மேடையில் நாடகம். எப்படியும் நாலு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"சீனன் கடையில கேட்டேன், இந்த மாதிரி செய்யத் தெரியாதுங்கிறான். ஒன்ன விட்டா ஆளில்ல கமலவேணி. கடிக்கக் கூடாது லா, அவ்ளோதான்" என்றார்.

கடிக்கக் கூடாதாம்! பதினான்கு வருஷமாக எனக்குக் கடித்துக்கொண்டிருக்கிறதே, அதை நான் எந்தக் கடையில் போய்ச் சொல்வது?

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் எழுதினால்தான் என் வயிறு ஆறும். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது இந்த வட்டாரத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதியவர் இவர். உன் அத்தான் பெயர் அதில் எப்படி வந்தது? முப்பத்தைந்து வயது, கண்ணாடி போட்ட ஆள், வீட்டில் நான் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன், வயிற்றில் மல்லிகா. வாலிபப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பெயர்தானா இவர் பேனாவுக்குக் கிடைத்தது? "பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கத்தான் கூப்பிடுறாங்க, மூணு மாசத்துல வந்துருவேன்" என்று உன் அத்தான் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த ஆசையைக் காட்டியதும் இந்தக் கிராணியாகத்தான் இருக்கும். சண்டை முடிந்து திரும்பி வந்த புக்கிட் ரம்பாய் மாணிக்கவாசகம் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். உளிப்பெட்டியை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்களாம். மழையில் செருப்பு அழுகிப் போய், கல்லிலும் முள்ளிலும் நடந்து, புண் புரையோடிச் செத்தாராம். ஊர்க் காலுக்கெல்லாம் தைத்துப் போட்டவர் வெறுங்காலோடு போனார்.

அந்த மனுஷருக்கு நான் பூட்ஸ் தைக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். தைக்கிறேன் தம்பி, நன்றாகவே தைக்கிறேன்.

தெய்வானையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
கமலவேணி


நேவல் பேஸ், சிங்கப்பூர்
20.3.1957

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி தேவதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். இருமல் பரவாயில்லை. தெய்வானைக்கு வாந்தி குறைந்திருக்கிறது. உன் முட்டிவலி எப்படி? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா? மல்லிகா படிப்பு எப்படி?

உன் கடிதம் பார்த்தேன். அந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டாய்? தோல் கிடைக்கவில்லை, உடம்பு முடியவில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடு. பழைய கதையைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? உன் உடம்புதான் கெடும்.

கட்டாயம் செய்தே தீர வேண்டுமென்றால் முறையாகச் செய்துவிடு. இங்கே பட்டாளத்து பூட்ஸ் பழுது பார்க்கும் கொட்டகையில் தினமும் பார்க்கிறேன். பாதம் கடிபடுவது தைப்பதில் இல்லை, அளவெடுப்பதில்தான். சாயங்காலம் அளவெடு, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார வைத்து எடுக்காதே, நிற்க வைத்து எடு. ஊர்வலத்தன்று எந்தக் காலுறை போடுவாரோ அதையே போட்டு வரச் சொல். இரண்டு காலும் ஒன்றுபோல் இருக்காது, தனித்தனியாக எடு. நாடகத்துக்கு உயரமாகத் தெரிய வேண்டுமென்று குதி வைக்கச் சொல்வார்கள், வைக்காதே. அந்தக் காலத்துப் படங்களில் குதி கிடையாது, தட்டையாகத்தான் இருக்கிறது. நடக்கவும் அதுதான் சுகம்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. அந்த ஆளோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி
தேவதாஸ்


காஜா பேராங்
2.4.1957

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். முட்டிவலி உன் தைலத்துக்குப் பயந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. தெய்வானைக்கு இப்போது சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீ சொன்னபடியே சாயங்காலம் வரச் சொல்லி அளவெடுத்தேன். பழுப்புக் காகிதத்தை விரித்து அதன் மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். வலது காலைவிட இடது கால் அரை விரற்கடை பெரிது. இடது பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு இடம் விடாமல் தைத்தால் மனுஷர் அரை மைலில் உட்கார்ந்துவிடுவார். கெண்டைக்கால் சுற்றளவு எடுக்க ஒரு காலை என் மடியில் வைக்கச் சொன்னேன். நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தறியாத மனுஷர் அவர். நாம் தோல் தொடும் ஜாதி அல்லவா? ஆனால் காலை மட்டும் கூசாமல் என் மடியில் வைத்தார்.

வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். நான் எதுவும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"ஒம்புருஷன் ரொம்ப நல்ல மனுஷன் கமலவேணி. மத்தவங்களயெல்லாம் லாரியில பிடிச்சுப் போட்டாங்க. அவன் தானா வந்தான் லா, பெட்டியத் தூக்கிக்கிட்டு."

தானாக வந்தாராம்! எழுதினவரும் இவர், ஏற்றினவரும் இவர், இப்போது என் முகத்துக்கு நேரே இப்படி ஒரு பொய். கையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றி அளவு பார்த்தேன். அளவு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் மீனாச்சி மலாய் பேசி வளர்ந்தவள், நம் தமிழ் பாதிதான் புரியும். அவளே என் முகத்தைப் பார்த்து "அப்பா ஹால்? என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள். தலைவலி என்றேன்.

அந்த நாட்களில் நீயும் இங்கேதானே இருந்தாய், பத்தொன்பது வயது. உன் அத்தான் தானாகவா போனார்? நீ பார்த்ததை எழுது. அந்த வாயை அடைக்க எனக்கு ஒரு வார்த்தை வேண்டும்.

அக்கா
கமலவேணி


காஜா பேராங்
10.5.1957

தம்பி தேவதாசுக்கு, அக்கா ஆசீர்வாதத்துடன். நாங்கள் சுகம். நீ சுகமா என்பதை நீதான் எழுத வேண்டும். ஐந்து வாரமாகிறது, ஒரு வரி இல்லை. தெய்வானைக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உன் அத்தான் அச்சாக வைத்துத் தைத்த பாத மரக்கட்டைகளை எடுத்துத் துடைத்தேன். ராஜரத்தினத்தின் காலுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு ஜோடி இருக்கிறது. இடது கட்டையில் அந்தப் புடைப்பு இருக்கும் இடத்தில் தோல் துண்டு ஒட்டி, இழைத்து, மேடாக்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கட்டையைப் பார்த்தால் அவர் காலையே வெட்டி வைத்தாற்போல் இருக்கிறது. தினமும் காலையில் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

முதலில் அந்தத் துண்டை ஒட்டாமல் விடலாமென்றுதான் நினைத்தேன். ஆனால் கடையில் போட்டுப் பார்க்கும்போதே கடித்துவிடும், திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் வேறு யோசனை. இது உனக்கு மட்டும்.

பூட்ஸ் பஞ்சு மாதிரி இருக்கும். உள்ளே ஆட்டுத்தோல் வைக்கிறேன். ஆனால் அடித்தோலிலிருந்து ஓர் ஆணி மேல்நோக்கி நிற்கும், பெருவிரலுக்குக் கீழே, உடம்புப் பாரம் விழுகிற இடத்தில். அதற்கு மேலே மெதுவான தக்கை, தக்கைக்கு மேலே மெல்லிய உள்தோல். கால்மணி நேரம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மைல் நடந்து, வியர்த்து, தக்கை நசுங்கி உட்கார்ந்த பிறகுதான் ஆணி தலையைக் காட்டும். அப்போது ஊர்வலத்தின் நடுவில் இருப்பார். சுற்றிலும் ஜனம். கழற்றவும் முடியாது, வேஷம் கெட்டுவிடும். நடக்கட்டும். கல்லும் முள்ளும் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது அந்தக் கால் தெரிந்துகொள்ளட்டும்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அது நிற்கட்டும். அதற்கு முட்டிவலி கிடையாது, எனக்கு இருக்கிறது.

உங்கள் கொட்டகையில் தக்கைத் தகடு இருக்குமே, மெதுவானதாக ஒரு துண்டு அனுப்பி வை. போன கடிதத்தில் கேட்டதற்கும் பதில் எழுது.

அக்கா
கமலவேணி


நேவல் பேஸ்
28.5.1957

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம், நீயும் மல்லிகாவும் நலமா? கொட்டகையில் வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். தெய்வானை நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஆகஸ்டு நடுவில் என்றார்கள். அவள் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அத்தை வந்துதான் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும் என்கிறாள்.

தக்கை அனுப்பியிருக்கிறேன். அக்கா, நீ எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது. துருப்பிடித்த ஆணி குத்தினால் விஷம் ஏறிவிடும், காலையே எடுக்க வேண்டி வரும். இங்கே நான் பார்த்திருக்கிறேன். பழி உன் மேல் வரும். உனக்குப் பெண் பிள்ளை இருக்கிறாள்.

நல்ல பூட்ஸாகத் தைத்துக் கொடு. நம் வெயிலுக்குக் கால் வீங்கும், ஆகையால் கெண்டைக்காலுக்கு உள்பக்கம் நீளமாகப் பிளந்து கயிறு போட்டு இறுக்கும்படி வை. மேல் மடிப்புத் தொங்கி அதை மறைத்துவிடும். ஊர்வலத்துக்கு முன்னால் இரண்டு வாரம் வீட்டுக்குள் தினமும் அரைமணி நேரம் போட்டு நடக்கச் சொல், தோல் காலுக்குப் பழகும்.

வேறு விசேஷம் இல்லை. மல்லிகாவுக்கு என் அன்பு.

தம்பி
தேவதாஸ்


காஜா பேராங்
20.6.1957

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கு சுகம், அங்கு சுகம் வேண்டும். தெய்வானையை இனி குனிந்து வேலை செய்ய விடாதே.

நீ அனுப்பிய தக்கை கல் மாதிரி இருக்கிறது. யானை ஏறி நின்றாலும் நசுங்காது. மெதுவானது என்றுதானே எழுதினேன்? தமிழ் மறந்துபோயிற்றா, இல்லை அக்காவுக்கே ஆட்டம் காட்டுகிறாயா? பரவாயில்லை. சாராயக் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயிடம் புட்டித் தக்கை மூடிகள் கேட்டு வாங்கி, சீவி வைத்திருக்கிறேன். ஆணியும் புது ஆணிதான், துருவெல்லாம் கிடையாது. உன் கவலைக்குச் சந்தோஷம்.

அது என்ன தம்பி, அந்த மனுஷருக்கு வயதாகிவிட்டது என்று உனக்கு அவ்வளவு உருக்கம்? உன் அத்தானுக்கு வயதாகவில்லை. ஆக விடவில்லை. உன்னைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட மனுஷர். நம் அப்பா போன பிறகு உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கிக் கொடுத்தவர்.

நேற்று ராஜரத்தினம் போட்டுப் பார்க்க வந்தார். அடித்தோல் இன்னும் தைக்கவில்லை, மேல்தோலை மட்டும் கட்டையில் இழுத்துக் காட்டினேன். குதி வேண்டுமென்று அடம். படத்தில் இல்லை என்று காட்டியதும் அடங்கினார். மீனாச்சி வந்து பார்த்து "சாந்தேக், சாந்தேக்" என்று கன்னத்தில் கை வைத்தாள். அழகாகத்தான் இருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

இந்த முறை நான் கேட்டேவிட்டேன். "கிராணி ஐயா, எவ்வளவோ பேர் இருக்க எங்க வீட்டுக்காரர் பேர எதுக்கு எழுதுனீங்க?" என்றேன். மனுஷருக்குக் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, "அத ஏங்கிட்ட கேக்காத. ஒந்தம்பியக் கேளு" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பார்த்தாயா அவர் சாமர்த்தியத்தை? செத்தவர் மேல் ஒரு பொய் சொல்லியாயிற்று, இனி உயிரோடு இருப்பவன் மேல் ஒன்று. உன்னை ஏன் கேட்க வேண்டும்? உனக்கு என்ன தெரியும்? உடனே எழுது. இரண்டே வரி போதும், கொண்டுபோய் அவர் முகத்தில் எறிகிறேன்.

அக்கா
கமலவேணி


நேவல் பேஸ்
12.7.1957

அக்காவுக்கு வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு என்னால் வர இயலாது. லீவு இல்லை. தெய்வானையைத் தனியாக விடவும் முடியாது. அத்தானுக்குக் கொடுக்க வேண்டியதை ஐயரை வைத்துக் கொடுத்துவிடு. குறை நினைக்காதே.

தம்பி
தேவதாஸ்


காஜா பேராங்
1.8.1957

தம்பி தேவதாசுக்கு. இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. தெய்வானைக்கு நாள் நெருங்குகிறது, பயப்படாமல் இருக்கச் சொல். சுகப்பிரசவமாக வேண்டுமென்று பொய்யாத விநாயகருக்கு வேண்டியிருக்கிறேன்.

ஆடி அமாவாசை முடிந்தது. பதினோரு வருஷமாக நீதான் வந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பாய். ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு மைத்துனன் செய்வது பாவமில்லை என்று ஐயர் சொன்ன நாளிலிருந்து நீ ஒரு வருஷமும் தவறியதில்லை. இந்த வருஷம் தெங்கேராக் கடற்கரையில் நானும் மல்லிகாவும் நின்றோம், ஐயரே இறைத்தார். "மாமா ஏம்மா வரல?" என்று அவள் கேட்டாள். லீவு இல்லை என்றேன். அவள் நம்பினாள்.

பூட்ஸ் முடிந்துவிட்டது. எண்ணெய் போட்டு, மெழுகு தேய்த்து, மேல் மடிப்பை மடித்து வைத்திருக்கிறேன். நான் இதுவரை தைத்ததில் இதுதான் முதல்தரம். நானே வாயால் சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மை அதுதான். ஆணியையும் வைத்துவிட்டேன், இடது காலில். வீட்டில் போட்டுப் பழகட்டும் என்று சொன்னாயே, அப்படிப் பழகினால் ஆணி முன்னதாகவே தெரிந்துவிடும், அதனால்தான் இன்னும் கொடுக்கவில்லை. எண்ணெய் ஊற வேண்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்.

நீ இன்னும் எனக்குப் பதில் எழுதவில்லை. மூன்று கடிதமாகக் கேட்கிறேன். தக்கை பற்றி எழுதினாய், கயிறு பற்றி எழுதினாய், என் முட்டி பற்றி எழுதினாய். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நான் என் தம்பியைச் சந்தேகப்படவில்லை. நீ எழுதாமல் இருந்து என்னைச் சந்தேகப்பட வைக்காதே.

கமலவேணி


நேவல் பேஸ்
25.8.1957

அக்காவுக்கு.

பதினெட்டாம் தேதி காலையில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். தெய்வானை கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணிக்கு எழுதுங்க, வந்து பேர் வைக்கச் சொல்லுங்க" என்பதுதான். ஒரு வாரமாகத் தினமும் கேட்கிறாள். நீ வந்து அவனை மடியில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் நான் இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

பட்டியலில் இருந்தது என் பெயர். அத்தான் பெயர் இல்லை.

கிராணி எனக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். நான் ஓடிப் போய் அவர் காலில் விழுந்தேன். "ஒரு தல கொறஞ்சா ஒரு தல வேணும்டா. எண்ணிக்கை கொறஞ்சா ஜப்பான்காரன் என் தலைய எடுப்பான்" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. சாவு பயம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அத்தான் தோல் வேலைக்காரர், அவரைப் பாதை போட அனுப்பமாட்டார்கள், கூடாரத்திலேயே உட்கார வைத்துப் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கச் சொல்வார்கள், நிழலில் இருப்பார், சாப்பாடும் கிடைக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் அக்கா. தொழில் தெரிந்தவனை யார் கல் உடைக்க விடுவார்கள்? "சுப்பையன், காஜா பேராங், செருப்புத் தைக்கிறவர்" என்று நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அத்தானிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரிடா, பூட்ஸ் தைக்கப் போறேன்னே அக்காகிட்ட சொல்லிக்கறேன். நீ பாத்துக்க" என்றார். ராஜரத்தினம் சொன்னது பொய் இல்லை. அவர் தானாகத்தான் போனார்.

பதினான்கு வருஷமாக இதை விழுங்கிக்கொண்டு உன் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஆடி அமாவாசையில் எள் இறைத்திருக்கிறேன். நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. காறித் துப்பு, உறவை அறுத்துக்கொள். ஆனால் அந்த ஆணியை எடுத்துவிடு. அது அவருக்கு உரியது இல்லை.

தேவதாஸ்


காஜா பேராங்
2.9.1957

தேவதாசுக்கு.

பிள்ளை பிறந்த சேதி அறிந்து சந்தோஷம். தெய்வானைக்குப் பூண்டும் கருவாடும் கொடு, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. நாங்கள் சுகம்.

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. அன்று அடுப்பு மூட்டவில்லை. மல்லிகா கேட்டாள், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. உன் கடிதத்தை வாங்கி ஒரு முறை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் பூட்ஸின் உள்தோலைப் பிரித்து ஆணியைப் பிடுங்கினேன். நீ கெஞ்சினாய் என்பதற்காக இல்லை. அவர் மேல் இரக்கமும் இல்லை. ஆள் மாற்றிக் குத்துவது என் தொழிலுக்கு இழுக்கு. நீ அனுப்பிய கல் தக்கையை வைத்துத் திரும்பத் தைத்தேன். சாயங்காலம் ராஜரத்தினம் வந்தார். நானே கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டு, கயிறு இழுத்துக் கட்டினேன். கட்டிக்கொண்டே, "கிராணி ஐயா, ஒரு தல கொறஞ்சா ஒரு தல வேணும்னு சொன்னீங்களாமே. தம்பி எழுதியிருக்கான்" என்றேன்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கால் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தது, நான் விடவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, "எங்க கடிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். "எங்கயும் கடிக்கல" என்றார்.

முப்பத்தொன்றாம் தேதி ஊரே பாடாங்கில் கூடியிருந்தது. நானும் மல்லிகாவும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். பறங்கித் தளபதி மேடைக்கு வந்தார், வாளை உருவினார், எங்களைப் பார்த்தார். அப்புறம் ஒரு வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், வாய் திறக்கவில்லை. ஜனம் சிரித்தது. "பூட்ஸ் கடிக்குது போல" என்று யாரோ கத்தினார்கள். கடித்திருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருப்பார். அது கடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் பாக்கி அதோடு தீர்ந்தது.

இனி உன் விஷயம். காறித் துப்பச் சொல்கிறாய், உறவை அறுத்துக்கொள்ளச் சொல்கிறாய். அறுத்துவிட்டால் உனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நான் தரமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். நீ பயந்ததைக்கூட மன்னிக்கலாம், பத்தொன்பது வயது யாருக்கும் சாவு பயம்தான். அவர் எப்படிச் செத்தார் என்று மாணிக்கவாசகம் சொன்ன அன்று நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகைத் தடவிக்கொண்டு, அந்தக் கிராணியைச் சபித்தாயே, அதை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.

பிள்ளைக்குப் பேர் வைக்கக் கேட்டாய். அது அத்தை உரிமை, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். நான் வரவில்லை, பேரை அனுப்புகிறேன். அத்தை வைத்த பேரை மாற்றும் வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று தெய்வானையிடம் சொல். ஏன் இந்தப் பேர் என்று அவள் கேட்பாள். அப்போது நீயே சொல். அவன் வளர்ந்து அவனும் கேட்பான். அவனிடமும் நீயே சொல்.

கலியாணம் ஆகி இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மல்லிகாவைச் சேர்த்தபோதுகூட மீனாச்சியைத்தான் சொல்ல வைத்தேன். இன்று முதல் தடவையாக என் கையால் எழுதுகிறேன்.

பிள்ளைக்குச் சுப்பையன் என்று பேர் வை. காலையில் எழுப்பும்போது கூப்பிடு, சோறு ஊட்டும்போது கூப்பிடு, தெருவில் விளையாடப் போனால் வாசலில் நின்று கூப்பிடு. நீ சாகிற வரைக்கும் கூப்பிடு.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

கமலவேணி